காசநோய்க் குளிசை முடிந்தும் இருமலா? பூஞ்சணத்தையும் யோசியுங்கள்

(காட்சி: தோட்டக் கொட்டில். வைக்கல் கட்டை உதறத் தூசி எழும்புகிறது.)

வணக்கம். கோண்டாவில் பக்கம் ஒரு தோட்டக்கார ஐயாவை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு வருசத்துக்கு முன் காசநோய் வந்தது. ஆறு மாதமும் ஒரு நாள் தவறாமல் குளிசை போட்டு, சுகம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். இப்போது மூன்று மாதமாகத் திரும்ப இருமல். சாரம் இடுப்பில் நிற்காத மெலிவு. காலையில் துப்பின சளியில் நூல் நூலாக இரத்தம். வீட்டில் அவருடைய கோப்பையும் பேணியும் சத்தமில்லாமல் வேறாகிவிட்டன.

"திரும்ப வந்திட்டுது" என்கிறார்கள். வந்தும் இருக்கலாம், அதனால் முதல் வேலை சளிப் பரிசோதனைதான். ஆனால் சளியில் கிருமி இல்லையென்று வந்தும் இருமல் விடாவிட்டால்?

(காட்சி: எக்ஸ்ரே படம், வெளிச்சத்துக்கு நேரே.)

காசநோய் ஆறினாலும் சிலருக்கு நுரையீரலில் குழி மிஞ்சும். உக்கின இலை, வைக்கல், எருக்கும்பியில் வளரும் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணத்தின் வித்திகள் காற்றோடு எல்லாருக்குள்ளும் போகின்றன. சுகதேகியை அவை ஒன்றும் செய்யா. குழி உள்ளவருக்கு அங்கேயே வேரூன்றிவிடலாம். 1968இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், காசநோய் ஆறிக் குழி மிஞ்சியிருந்த 544 பேரில் ஏறக்குறைய நாலில் ஒருவரின் இரத்தத்தில் இதற்கு எதிரான பிறபொருளெதிரி (உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) இருந்தது.

படத்தை நன்றாகப் பாருங்கள். குழிக்குள் ஒரு உருண்டை, அதற்கு மேலே பிறைபோலக் காற்று. குப்புறப் படுக்கவைத்து ஸ்கான் எடுத்தால், முற்றின தேங்காய்க்குள் கொப்பறா ஆடுவதுபோல, அந்த உருண்டை பலருக்கு இடம் மாறும். உருண்டை எல்லாருக்கும் வராது. குழியின் சுவர் மட்டும் தடித்து வந்தால், அனுபவமுள்ள கண்ணுக்கும் அது காசநோயாகவே தெரியும்.

காசநோய்க்கென்று சளியைப் பார்க்கும்போது இந்தப் பூஞ்சணம் பிடிபடாது. அதற்கெனத் தனியாகக் கேட்டு அனுப்பவேண்டும். சளியில் பூஞ்சணம் இருந்தால் மட்டும் போதாது, காற்றிலிருந்தும் வந்திருக்கலாம். மாதக்கணக்கான அறிகுறி, ஸ்கான், இரத்தத்தில் பிறபொருளெதிரி மூன்றையும் சேர்த்துத்தான் வைத்தியர் தீர்மானிப்பார். இன்னொன்று: சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனை, செத்த கிருமியின் மரபணுவையும் காட்டக்கூடும். அதனால் பழைய காசநோயை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? மருந்தே வேறு. இதற்குப் பெரும்பாலும் இட்ராகொனசோல் என்ற பூஞ்சண மருந்து, குறைந்தது ஆறு மாதம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். இரண்டு நோயும் ஒன்றாக இருந்தால் வைத்தியருக்கே சிக்கலான கணக்கு அது. நாமாகக் குளிசை மாற்றக் கூடாது.

வாய் நிறைய இரத்தம் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காசநோய் இல்லை, பூஞ்சணம்தான் என்று உறுதியானால், அது ஆளுக்கு ஆள் தொற்றாது. ஐயாவின் பேணியை வேறாக வைக்கத் தேவையில்லை.

(காட்சி: அலுமாரிக்கு மேலிருந்து பழைய மண்ணிற உறை ஒன்றை எடுக்கிறார்கள்.)

கிளினிக்குக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரேயையும் கொண்டுபோங்கள். அந்தக் குழி அப்போதே இருந்ததா, இப்போது பெருத்திருக்கிறதா என்று இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.