மணலுக்குள் நல்ல தண்ணீர்

வணக்கம். சேலத்துக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயந்தான், நமக்கு மேட்டூர் அணையே கடல். ஆனாலும் ரிட்டயர் ஆன புவியியல் வாத்தியாரிடம் பாம்பன் தீவைப் பற்றிப் பேசச் சொன்னால் விடுவேனா?

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், தனுஷ்கோடி எல்லாம் அந்த ஒரே தீவுதான். அங்கே உயரமான இடம் கந்தமாதன பர்வதம். பர்வதம் என்றதும் சேர்வராயன் மலையை நினைத்துவிடாதீர்கள். அதை நம்மூரில் கரடு என்றுகூடச் சொல்ல மாட்டோம். மணல் மேடு. ஆறு கிடையாது. சுற்றிலும் உப்பு. அப்படியானால் குடிக்க?

தனுஷ்கோடிக்கு ரோடு வராத காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். வேன் மணலில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்வதற்குள் கொண்டு போன தண்ணீர் காலி. 1964 புயலில் இடிந்த சர்ச்சுக்குக் கொஞ்சம் தள்ளி, முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. ஓர் அம்மா குத்த வைத்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். சிரட்டை என்றால் நம்ம கொட்டாங்குச்சிதான். அலைச் சத்தம் காதில் விழுகிறது, அவ்வளவு பக்கம். "உப்புக் கரிக்குமே சார்" என்றான் ஒரு பையன். குடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு சிரட்டை கேட்டான். அந்த அம்மா சொன்னார்: "மெல்ல மொள்ளுங்க தம்பி, அவசரப்பட்டா உப்பு ஏறிரும்."

முழுப் பாடமும் அதில் இருக்கிறது. மணலில் இறங்குகிற மழைத் தண்ணீர், கடல் தண்ணீரைவிட லேசு. அதனால் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. மிதக்கிறது, அதைக் கவனியுங்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே கொஞ்சம் இழுத்தாலும் கீழேயிருந்து உப்பு அதைப்போலப் பல மடங்கு ஏறிவரும். நம்மூரில் போர் போட்டுத் தண்ணீர் வராவிட்டால் இன்னும் நூறடி இறக்கு என்கிறோம். திருச்செங்கோட்டு ரிக் வண்டியை அங்கே நிறுத்தி அப்படி இறக்கினால் உப்புத்தான்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷந்தான் பாக்கி. சரி, வேகமாக. தீவுக்கு வடக்கே இருக்கிற பாக் நீரிணையை மீனவர்கள் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடித்தால் தெற்கு கொந்தளிக்கும், வாடையில் வடக்கு. அப்புறம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அதில் இரண்டு முழுகிப்போயின: விலாங்குசல்லி, பூவரசன்பட்டி. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியது... ஒரு விரல்தான் தெரிகிறது. வணக்கம்.