சன்னலோரத்துப் புகை

வணக்கம் நேயர்களே.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு செப்டம்பர் காலை. சிங்கப்பூரில், பன்னிரண்டாம் மாடியில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னலைத் திறந்தேன். மூக்கில் சுள்ளென்று ஏதோ ஏறியது. "கீழே காகிதம் எரிக்கிறார்கள்" என்றேன். அப்போது சீனர்களின் ஏழாம் மாதம். புளோக்கின் அடியில் மூதாதையருக்குக் காகிதம் எரிப்பது நமக்கெல்லாம் பழகிய காட்சிதானே. மனைவி வந்து எட்டிப் பார்த்தார். "கீழே யாருமே இல்லைங்க. எதிர்ப் புளோக்கையே காணோம், பாருங்க" என்றார். கடல் தாண்டி, இந்தோனீசியாவின் சுமத்ராவில் எரியும் காடுகளிலிருந்து வந்த புகைமூட்டம்!

அன்று நான் எங்கே தவறினேன்? இதைக் கேட்க வேண்டியவர் திக்நாகர். கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த பௌத்த அறிஞர். காஞ்சிபுரத்தை அடுத்துப் பிறந்தவர் என்கிறது திபெத்திய மரபு. (நம்ம ஊர்க்காரர் என்று உடனே காலரைத் தூக்கிவிட வேண்டாம், மரபு சொல்வது அவ்வளவுதான்.)

அறிவுக்கு வழி இரண்டே என்றார் அவர். ஒன்று காட்சி, அதாவது புலன்களால் நேரே அறிவது. மற்றொன்று அனுமானம், அதாவது ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகித்து அறிவது. மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, அடுக்குகிறார். மணிமேகலையின் குருவான அறவண அடிகளோ பௌத்தர் வழியில் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். காட்சியை அவர் 'சுட்டுணர்வு' என்கிறார். அதிலிருந்து நாமம் (பெயர்), சாதி (இனம்), குணம், கிரியை (செயல்) எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமாம். என்ன அழகான சொல், பாருங்கள்! விரலால் சுட்டுவதோடு சரி, பெயர் சொல்லக் கூடாது.

அப்படியானால் அன்று காலை நான் உண்மையில் அறிந்தது அந்தச் 'சுள்'ளை மட்டுந்தான். 'புகை' என்பதே மனம் சூட்டிய பெயர். 'காகிதப் புகை' அதற்கும் மேலே ஒரு படி. மூக்கு பொய் சொல்லவில்லை. மனந்தான் அவசரப்பட்டது.

7ஆம் நூற்றாண்டில், திக்நாகர் வழிவந்த பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி இதை அப்படியே விடவில்லை. கண்நோய் வந்தவருக்கு நிலா இரண்டாகத் தெரிகிறதே, அது பெயர் சூட்டியதால் வந்த பிழையா என்ன? ஆகவே காட்சி பிழையற்றதாகவும் இருக்க வேண்டும் என்று காட்சியின் வரையறையில் ஒரு சொல் சேர்த்தார்.

அப்புறம் அனுமானம். 'இம்மலை நெருப்புடைத்து, புகையுடைத்து ஆதலால், அடுக்களை போல்'. அதாவது, மலையில் புகை இருப்பதால் அங்கே நெருப்பும் உண்டு, சமையலறையில் போல. இது பழைய பாடம், மணிமேகலையிலும் உண்டு. இதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவாருங்கள், சிக்கல் வருகிறது. 2013 ஜூன் 21 அன்று இங்கே காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது. தீவு முழுக்கப் புகை. நெருப்போ கடலுக்கு அப்பால்! 'இத்தீவு நெருப்புடைத்து' என்று சொல்ல முடியுமா?

எனக்கு இங்கே கைகொடுப்பவர் தர்மகீர்த்திதான். புகையும் நெருப்பும் பலமுறை சேர்ந்து தெரிந்ததால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாகிவிடாது. புகை நெருப்பிலிருந்து பிறப்பது, காரியம், அதாவது விளைவு, காரணத்தைக் காட்டும், அதனால்தான் சான்று. எங்கோ நெருப்பு உண்டு, அது உறுதி. ஆனால் எரிவது காகிதமா காடா, எரிகிற இடம் புளோக்கின் அடியா சுமத்ராவா என்பதற்கெல்லாம் வெறும் புகை சாட்சி சொல்லாது. நானோ அந்தச் சாட்சியிடமிருந்து முகவரி வரைக்கும் வாங்கிவிட்டேன்.

மணிமேகலை இன்னொரு குற்றத்தையும் சொல்கிறது: ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே, புகை என்று கொண்டு நெருப்பைத் துணிவது. சென்ற டிசம்பரில் ஒரு காலை, சன்னலுக்கு வெளியே மறுபடியும் ஒரே வெள்ளை. "புகையா, மழையா?" என்று மனைவி கேட்டார்.

"இரு, முதலில் சன்னலைத் திறக்கிறேன்" என்றேன்.