சத்தம் வருகிறது, படம் வரவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டு டிவியில் ஒரு நாள் சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாகவே நின்றுவிட்டால், உடனே புது டிவி விலை விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஆழக் கிணற்றில் எட்டிப் பார்க்கும்போது தெரியும் நிழலைப் போல, செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாகத் தெரிகிறதா? அப்படியானால் உங்கள் டிவிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. படம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் அணைந்துவிட்டது.

நாகப்பட்டினத்தில் 31 ஆண்டுகளாக டிவி பழுதுபார்த்து வருகிறேன். பிக்சர் டியூப் காலத்தில் தொழில் கற்றவன். 2006-இல் தொடங்கி அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் எங்கள் மாவட்டத்தின் எத்தனையோ கூரை வீடுகளில் ஓடின. அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றை நானே திறந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கனத்த பெட்டிகள் பதினைந்து ஆண்டு உழைத்ததைக் கண்ட மக்கள், இப்போது சுவரில் மாட்டிய டிவி ஆறாம் ஆண்டில் இருண்டுபோகும்போது ஏமாந்துபோகிறார்கள். "எல்இடி டிவி எத்தனை வருஷம்தான் வரும்?" என்று என்னிடம் கேட்காதவர்களே இல்லை. திரை வெளிச்சத்தை எவ்வளவு வைத்துப் பார்க்கிறீர்கள், எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். காரணத்தைச் சொல்கிறேன்.

எல்இடி டிவி என்ற பெயரே பலரைக் குழப்புகிறது. படம் தெரியும் கண்ணாடி அன்றும் இன்றும் எல்சிடிதான். அந்தக் கண்ணாடிக்குச் சொந்த ஒளி கிடையாது. வாசலில் கட்டிய மூங்கில் தட்டி வெயிலை எங்கே விட வேண்டும், எங்கே மறைக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வதைப் போல, அது பின்னாலிருந்து வரும் ஒளியைப் புள்ளி புள்ளியாக விடுகிறது அல்லது மறைக்கிறது. பழைய எல்சிடி செட்களில் அந்த ஒளியைப் பென்சிலைவிட மெல்லிய குழல் விளக்குகள் தந்தன. பிறகு அவற்றின் இடத்துக்கு எல்இடி எனும் சிறு விளக்கு மணிகள் வந்தன. பேக்லைட் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். 32 அங்குல செட் ஒன்றைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று பட்டைகள் இருக்கும். ஒவ்வொரு பட்டையிலும் சில மணிகள், ஒவ்வொரு மணியின் மேலும் ஒளியைப் பரப்பும் சிறு பிளாஸ்டிக் குமிழ்.

இந்த மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டவை. கோயில் திருவிழாவில் கட்டும் பழைய சீரியல் விளக்கில் ஒரு பல்பு போனால் அந்த வரிசை முழுவதும் அணைந்துபோகுமே, அதே கதைதான் இங்கும். ஒரே ஒரு மணி அறுந்துபோனால் வரிசைக்கே மின்சாரம் நின்றுவிடும். பல செட்களில் பாதுகாப்புச் சுற்று அதைக் கண்டுபிடித்து மொத்த விளக்கையும் அணைத்துவிடுகிறது. ஒரு மிளகளவு மணிக்காக முழு டிவியும் குப்பைக்குப் போகிறது. என்னை இத்தனை ஆண்டுகளாக வருத்தும் விஷயம் இதுதான். பட்டைகளை மாற்றினால் அந்த செட் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். மாற்றும்போது போன மணியை மட்டும் மாற்றக் கேட்காதீர்கள். மற்ற மணிகளும் அதே சூட்டில் வெந்தவைதான். எல்லாப் பட்டைகளையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

கடைக்காரர்கள் 60,000 மணி நேரம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நாளுக்கு 6 மணி நேரம் பார்த்தால் அது 10,000 நாள், அதாவது 27 ஆண்டுக்கு மேல். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த எண், விளக்கின் வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்து பாதியாவதற்கு ஆகும் நேரத்தைச் சொல்கிறது. என் கடைக்கு வரும் செட்கள் மங்கி மங்கி வருவதில்லை. நேற்றிரவு வரை நன்றாக எரிந்து, இன்று காலை இருண்டு வருகின்றன. சூடு, மணியைப் பட்டையோடு பிணைக்கும் பற்றவைப்பைத் தளர்த்தியிருக்கும், அல்லது மணியையே கருக்கியிருக்கும்.

அந்தச் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் பெருமளவு நம் கையில் இருக்கிறது. ஷோரூமில் குழல் விளக்குகளின் நடுவே பத்து டிவிகளோடு போட்டியிட வேண்டியிருப்பதால், படத்தைப் பளீரென்று வைத்திருப்பார்கள். பலர் வீட்டுக்கு வந்த பிறகும் அதை மாற்றுவதில்லை. செட்டிங்ஸில் பேக்லைட் என்று தனியாக ஒன்று இருக்கும். பெரும்பாலும் நூறில் நிற்கும். அதை ஐம்பது, அறுபதுக்கு இறக்குங்கள். பல செட்களில் பிரைட்னஸ் என்பது வேறு. அது கறுப்பின் அளவைத்தான் மாற்றும், விளக்கைத் தொடாது. பேக்லைட்டை இறக்கிய முதல் நாள் படம் சோர்ந்தாற்போலத் தோன்றும். இரண்டு நாளில் கண் பழகிவிடும். செலவில்லாமல் டிவியின் ஆயுளைக் கூட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சூடு தின்னும் இன்னொரு பொருள், மின்சாரத்தை டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சப்ளை போர்டில் இருக்கும் கெபாசிட்டர், அதாவது மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் சிறு உருளை. 105 டிகிரி சூட்டில் 2,000 மணி நேரம் என்று மதிப்பிட்ட கெபாசிட்டர், ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஏறக்குறைய இரு மடங்கு உழைக்கும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். 65 டிகிரியில் அது 32,000 மணி நேரமாகிறது. நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 14 ஆண்டுக்கு மேல். அதே டிவியை அடுப்படிச் சுவரில், காற்றுப் புகாமல் அலமாரிக்குள் செருகி வைத்தால், உள்ளே 10 டிகிரி கூடினாலும் அதில் பாதி போய்விடும். தலை வீங்கிய கெபாசிட்டரை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு. கண்டுபிடிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

கனடாவில் ஆர்டிங்ஸ் என்ற நிறுவனம் 2022 முதல் 100 டிவிகளை வரிசையாக வைத்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்தது. ஓரத்தில் மட்டும் மணிகளை அடுக்கி மெல்லியதாகச் செய்த செட்கள் அந்தச் சோதனையில் அதிகம் பாதிக்கப்பட்டன. ஓரத்துச் சூட்டில் உள்ளிருக்கும் தாள்கள் நெளிந்தன, ஒளியைப் பரப்பும் தகடுகள் விரிசல் விட்டன. என் மேசையில் நான் கண்டதும் அதுவே. அதனால் புது டிவி வாங்குபவர்களிடம், மெலிவைப் பார்த்து மயங்காதீர்கள், முதுகு கொஞ்சம் தடித்திருந்தால் நல்லது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பேக்லைட் இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி டிவி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: நாள் முழுவதும் ஒரே செய்திச் சேனலை வைத்தால் மூலையில் நிற்கும் சின்னமும் கீழே நிற்கும் செய்திப் பட்டையும் திரையில் தழும்பாகப் பதிந்துவிடலாம்.

எங்கள் கடலோரத்துக்கு வருகிறேன். உப்புக் காற்று போர்டின் செப்புக் கோடுகளில் பச்சைக் களிம்பை ஏற்றுகிறது. வேளாங்கண்ணிச் சாலையில் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்த ஒரு டிவியின் மெயின் போர்டை மூன்றே ஆண்டில் களிம்பு தின்றிருந்தது. அதே வீட்டின் உள்ளறை டிவி ஒன்பதாம் ஆண்டில் இருக்கிறது. பிறகு பல்லி. இளஞ்சூட்டுக்காக உள்ளே போய் சப்ளை போர்டில் இரண்டு முனைகளைத் தொட்டுவிடும். பல்லியும் போகும், போர்டும் போகும்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எனக்கு வேலை அதிகம். டிவியை ஈரத் துணியால் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருப்பார்கள். வழியும் தண்ணீர் கண்ணாடியின் கீழ் விளிம்பில் இறங்கும். முடியளவு கோடுகள் ஓடும் மெல்லிய நாடாக்களும் படத்தை இயக்கும் சில்லுகளும் பல செட்களில் அங்கேதான் இருக்கின்றன. ஒரு சொட்டுப் போதும், திரையில் கோடு கோடாக வந்துவிடும். அது பேனல் பழுது, அதாவது படம் தெரியும் கண்ணாடியே பழுது. பேனல் விலை பெரும்பாலும் புது டிவி விலையை நெருங்கிவிடும் என்பதால், அங்கே மட்டும் நான் கையை விரித்துவிடுகிறேன். தயவுசெய்து உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். பொட்டு வேண்டுமானால் சுவரில் வையுங்கள், சாமி ஏற்றுக்கொள்ளும்.

ஸ்டெபிலைசர் இருக்கிறது, இடிக்குப் பயமில்லை என்று நம்பாதீர்கள். பெரும்பாலான டிவிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளிக்கும்; பின்பக்க ஸ்டிக்கரில் அது எழுதியிருக்கும். மின்னலை ஸ்டெபிலைசர் தடுக்காது. கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து டிவிக்கும் மின்னல் வரும். ஐப்பசி மழையில் இடி முழங்கத் தொடங்குமுன்பே பிளக்கையும் கேபிளையும் கழற்றி வையுங்கள்.

நன்றாக ஓடும் டிவியையும் மாற்ற வைப்பது மென்பொருள். 2012-க்கு முன் வந்த பல ஸ்மார்ட் டிவிகளில் 2015-இல் யூடியூப் நின்றது. அந்த டிவிகளின் படத்தில் எந்தக் குறையும் இல்லை. எச்டிஎம்ஐ துளையில் யூடியூப் போன்றவற்றை ஓட்டும் ஒரு சிறு ஸ்டிக்கைச் செருகினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்கு வெளிநாட்டிலிருக்கும் மகன் புது டிவி வாங்கி அனுப்பிவிட்டார். அந்த அம்மா பழையதைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் என்னிடம் வந்தார். "அந்த ரிமோட் எனக்குப் பிடிபடவில்லை தம்பி, இதையே சரிபண்ணிக் கொடு" என்றார். இரண்டு பட்டைகள் மாற்றினேன். விரல் பழகிய பொத்தான்களும் ஒரு டிவியின் மதிப்பில் சேர்ந்தவைதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. ஒரு மாடலின் கடைசி டிவி சந்தைக்கு வந்த பிறகும் சப்ளை போர்டு, பெரிய கெபாசிட்டர் போன்ற உதிரி பாகங்கள் 7 ஆண்டுக்கும், மென்பொருள் 8 ஆண்டுக்கும் கிடைக்க வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆண்டுக்கணக்கோடு கூடிய விதி நமக்கும் வர வேண்டும். பட்டை கிடைக்காமல் நான் திருப்பி அனுப்பிய செட்கள் ஒன்றிரண்டு அல்ல.

பேனல் உடைந்த டிவியைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் ஒரு முறை கேளுங்கள். அதன் சப்ளை போர்டும் மெயின் போர்டும் அதே மாடல் வைத்திருக்கும் இன்னொரு வீட்டுக்கு உதவும். என் கடை அலமாரியில் அப்படி எடுத்த போர்டுகளை மாடல் எண் எழுதி அடுக்கி வைத்திருக்கிறேன். பழைய குழல் விளக்கு எல்சிடியாக இருந்தால் வீட்டில் உடைக்க வேண்டாம். அந்தக் குழல்களில் பாதரசம் இருக்கிறது. பழுதுபார்க்க வரும்போது டிவியின் பின்பக்க ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து வாருங்கள். மாடல் எண் தெரிந்தால் பட்டை கிடைக்குமா, கிடைக்காதா என்று செட்டைச் சுமந்து வராமலே சொல்லிவிடுவேன்.

வணக்கம்.