நின்றுபோன கார்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கார் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, இஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் கிராங்க் கம்பிதான். முன்பக்கம் பம்பருக்குக் கீழே ஓர் ஓட்டை இருக்கும். அதில் கம்பியைச் செருகி, கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. கம்பியைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றி மடக்கக் கூடாது. மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். இஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்தால் கை முறிந்துவிடும். 1912-லேயே கேடிலாக் கார்களில் பேட்டரியால் இஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. ஆனாலும் பல பத்தாண்டுகளுக்குக் கம்பியும் வண்டியோடு கூடவே வந்தது. பேட்டரி காலை வாரிவிட்டால் வேறு கதி?

அப்புறம் சோக் என்கிற இழுகுமிழ். அதை இழுத்தால், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் காற்று குறைந்து பெட்ரோல் தூக்கலாகும். இஞ்சின் இருமிக்கொண்டே கிளம்பும். சத்தம் சீரானதும் மெல்ல உள்ளே தள்ள வேண்டும். மறந்தால் கறுப்புப் புகைதான். இன்று இதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. நல்லதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை.

சரி, ஓடிய கதை போதும். நின்றுபோன கார்களைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

பிரான்ஸில் ரோஜர் பையோன் என்று ஒரு லாரித் தொழிலதிபர் இருந்தார். 1950-களிலிருந்து பழைய கார்களாக வாங்கிச் சேர்த்தார். மியூசியம் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1970-களில் தொழில் நொடித்தது. கொஞ்சம் கார்கள் ஏலத்தில் போயின. மிச்சமிருந்த 60 வண்டிகள் அவருடைய பண்ணையில் அப்படியே நின்றன. 2014-இல் ஏலக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தபோது, பல கார்கள் பக்கச்சுவர்கூட இல்லாத தகரக் கொட்டகைகளின் கீழ் மக்கிக் கிடந்தன. மூடிய கராஜ் ஒன்றில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் ஒரு ஃபெராரி. 1961-ஆம் ஆண்டு கலிஃபோர்னியா ஸ்பைடர். நடிகர் அலென் டெலோன் வைத்திருந்த வண்டி. 2015 பிப்ரவரியில் பாரிஸில் அது 1.6 கோடி யூரோவைத் தாண்டி விலை போனது. துடைக்கக்கூட இல்லை, அதே தூசியோடு விற்றார்கள். தூசிக்கும் சேர்த்து விலை கொடுப்பது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் படுகிறது.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது விலையல்ல. ஒரே மனிதர் ஆசையாக வாங்கியவைதான் எல்லாமே. கதவு இருந்த இடத்தில் நின்றது பிழைத்தது. கதவில்லாத இடத்தில் நின்றது போனது. இத்தகைய குவியல்களை 'மறந்துபோனவை' என்கிறோம். உரியவர் மறப்பதே இல்லை. அடுத்த வருடம் எடுத்துச் சரிசெய்வோம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டேதான் இருந்திருப்பார்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து பியர்ஸ் என்ற சிற்றூரில் லாம்ப்ரெக்ட் என்று ஒரு செவர்லே டீலர். விற்காமல் தங்கிய புது வண்டிகளையும், மாற்றுக்கு வந்த பழைய வண்டிகளையும் ஒதுக்கி வைத்துக்கொண்டே வந்தார். 2013 செப்டம்பரில் ஏலம் விட்டபோது ஏறக்குறைய 500 வண்டிகள் இருந்தன. அவற்றில் சுமார் 50 வண்டிகள் 20 மைல்கூட ஓடாதவை! ஓடாத கார் என்றால் புத்தம் புதுசு என்றுதானே நினைப்போம்? வெளியே நின்றவற்றில் சிலவற்றை மரம் துளைத்துக்கொண்டு வளர்ந்திருந்தது.

பத்திரமாக மூடி வைத்தாலும் உத்தரவாதமில்லை. ஓக்லஹோமாவின் டல்சா நகரில் 1957-இல் ஒரு புத்தம் புது பிளிமத் பெல்வெடெரை கான்கிரீட் பெட்டகத்தில் வைத்துப் பூமிக்கடியில் புதைத்தார்கள். 2007-இல் நகரின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று மிக நெருக்கமாகச் சொல்பவருக்குக் கார் பரிசு. அணுகுண்டு விழுந்தாலும் தாங்கும் என்று சொல்லப்பட்ட அந்தப் பெட்டகத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. 50 வருடம் கழித்து எடுத்தபோது வெறும் துருக்கூடு. ஜெயித்தவரோ 1979-லேயே காலமாகிவிட்டார். கார் அவருடைய சகோதரிகளுக்குப் போனது.

இந்த மாதிரிக் குவியல்களைச் சுற்றிக் கட்டுக்கதைகளும் முளைக்கும். போர்ச்சுகலில் ஒரு தம்பதி பழைய பண்ணையை வாங்கி, பற்றவைத்து மூடியிருந்த கதவை உடைத்துத் திறந்தால் உள்ளே ஏறக்குறைய 180 கார்கள் என்று ஒரு மின்னஞ்சல் உலகம் சுற்றியது. படங்கள் நிஜம். கதைதான் பொய். கார் வியாபாரி ஒருவர் தாமே சேர்த்துப் பூட்டி வைத்திருந்த வண்டிகள் அவை. தம்பதியுமில்லை, திடீர் யோகமுமில்லை.

நிற்கிற கார் எப்படிக் கெடுகிறது? பெட்ரோலில் லேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். மிஞ்சுவது பிசின் மாதிரி இறுகி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து பிரேக் இறுகிக்கொள்ளும். டயர் நின்ற இடத்தில் தட்டையாகும். புல்தரையில் நிறுத்தினால் இன்னும் மோசம்; தரையின் ஈரம் அடித்தகட்டை அரித்துவிடும், மேலே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். எலிக்கு சீட்டுப் பஞ்சும் வேண்டும், ஒயரும் வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது பல வருடம் நின்ற கார் இருந்தால், ஆசையில் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகிவிடாதீர்கள். பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தால் உடையும், அல்லது சிலிண்டரைக் கீறிவிடும். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். ஒன்றிரண்டு நாள் ஊறட்டும். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, இஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய பெட்ரோலை வடித்து டேங்க்கைக் கழுவி, இஞ்சின் ஆயிலையும் மாற்றுங்கள். பிரேக் வேலை முடியும்வரை இஞ்சின் ஓடினாலும் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். இஞ்சின் அசையவே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் ஒரு வாரம்.

நன்றி, வணக்கம்.