சாவி யாரிடம்?

வணக்கம்.

"முதல்ல முழுசாக் குணமாகட்டும், வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." மனச்சிதைவு நோய் வந்தவர்களின் வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த 'அப்புறம்' பத்து வருஷமானாலும் வருவதில்லை.

மருந்து காதில் கேட்கும் குரல்களை அடக்கும், சந்தேகத்தைத் தணிக்கும். எதிலும் நாட்டமில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முடக்கத்துக்கு அது அவ்வளவாக எட்டாது. மனநல மருத்துவர் ஜான் விங், சமூகவியலாளர் ஜார்ஜ் பிரௌன் இருவரும் இங்கிலாந்தில் மூன்று மனநல மருத்துவமனைகளை வருடக்கணக்கில் கவனித்து 1970இல் ஒரு நூல் எழுதினார்கள். நோயாளி சும்மா இருக்கும் நேரம் கூடிய இடத்தில் முடக்கமும் கூடியிருந்தது. அப்படியானால் அதில் ஒரு பங்கு நோய் தந்தது, மறு பங்கு நாம் தந்தது.

இதைக் கேட்டதும் சிலர் நோயாளிகளிடம் காகிதக் கவர் ஒட்டக் கொடுத்துவிடுவார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். ஒட்டியதெல்லாம் சாயங்காலம் மூலைக்குப் போகும். இரண்டாம் வாரம் ஒருவர் கேட்டார்: "இதை யார் சார் வாங்குறாங்க?" என்னிடம் பதிலில்லை.

அவரிடமே எங்கள் மையத்தின் புத்தக அலமாரிச் சாவியைக் கொடுத்தேன். காலை 10 மணிக்குத் திறக்க வேண்டும். முதல் நாள் 11 மணிக்கு வந்தார். சோம்பல் என்றார்கள், ராத்திரி மாத்திரையின் மயக்கம் அது. டாக்டரிடம் பேசி, மாத்திரையைச் சற்று முன்னதாகவே கொடுக்க ஏற்பாடு செய்தோம். கை நடுக்கத்தில் சாவி துவாரத்தில் சேர நேரமாகும். நான் உதவப் போனால் தோளால் மறிப்பார். ஒருநாள் அவர் வரவில்லை. நாலு பேர் அலமாரி முன் நின்று "எங்கே அவர்?" என்றார்கள். மறுநாள் சொன்னேன். "என்னையா தேடினாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நியூயார்க்கில் 1948இல் மனநோய் வந்தவர்களுக்காகத் தொடங்கிய ஃபவுண்டன் ஹவுஸ் என்ற மையம் நடப்பதே இந்தத் தேடலில்தான். அங்கே வருபவருக்கு உறுப்பினர் என்று பெயர். சமையலோ அலுவலக வேலையோ, ஊழியரும் உறுப்பினரும் சேர்ந்தே செய்வார்கள். வராதவரை விசாரித்து அழைப்பு போகும்.

வெளிவேலைக்கும் இதே கதைதான். வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்துத் 'தயார்' செய்வதற்குப் பதில், விரும்பிய வேலையில் முதலில் சேர்த்துவிட்டு, கூடவே நின்று தாங்கும் முறை ஒன்று உண்டு. ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2007இல் வந்தது. இந்த முறையில் 55 சதவீதம் பேர் வேலைக்குப் போனார்கள், பழைய முறையில் 28. மருத்துவமனைக்குத் திரும்பியவர்களும் புதிய முறையில்தான் குறைவு. மீதி 45 சதவீதத்தையும் மறக்காதீர்கள். சிலருக்கு நாளைக்கு இரண்டு மணி நேரமே அதிகம். ஒன்று மட்டும் கறாராகச் சொல்வேன்: சம்பளமில்லாமல் வேலை வாங்கிவிட்டு அதைச் சிகிச்சை என்று சொல்லாதீர்கள்.

கேஸ் ஷீட்டை எத்தனை பக்கம் புரட்டினாலும், நோய்க்கு முன் இவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற வரி பெரும்பாலும் இருக்காது. சாவிக்காரர் அச்சகத்தில் பிழை திருத்தியவர் என்று எனக்குத் தெரியவே எட்டு மாதமாயிற்று. இன்றைய உரையை அவரிடம்தான் காட்டினேன். ஏழு பிழை திருத்திவிட்டு, "ரொம்ப நீளம் சார்" என்றார்.