வேளாவுக்கும் ஆயிரம் பொன்

தலைமை ஏற்றிருக்கும் ஊர்த் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிப் பாதிக் கூட்டத்தைக் கையோடு அழைத்துப் போய்விட்ட மீன்வளக் கல்லூரிப் பேராசிரியர் அவர்களே, ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தந்த பங்குத்தந்தை அவர்களே, வலை பொத்திக்கொண்டே கேட்கும் அண்ணன்மாரே, தாய்மாரே, வணக்கம். போர்த்திய துண்டுக்கும் நன்றி, வியர்வைக்கு உதவுகிறது.

முகத்தில் ரம்பம் போல நீண்ட கொம்புள்ள வேளா மீனைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: அதன் பெருமை, அதன் அழிவு, அலையாத்திக் காடு.

பட்டினப்பாலையில் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் ‘சினைச் சுறவின் கோடு நட்டு’ வணங்குகிறார்கள். கோடு என்றால் கொம்பு. நட்டு வைக்கிற அளவுக்குக் கோடு எந்தச் சுறாவுக்கு உண்டு? வேளாவுக்குத்தான் என்பது என் கட்சி. பார்க்கச் சுறா, உண்மையில் திருக்கை இனம். கலங்கல் நீரில் ஒளிந்த மீனின் மின்துடிப்பைக் கொம்பாலேயே அறியும். அந்தக் கொம்பாலேயே அடிக்கும். குட்டி பிறக்கும்போது தாயைக் கிழிக்காதபடி கொம்புக்கு உறை போட்டிருக்கும்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். வேளாவுக்கு இறந்தால் மட்டும்தான். பீலி என்கிற துடுப்புக்கு ஒரு விலை, கொம்புக்கு ஒரு விலை.

எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் ஒரு கொம்பு தொங்கியது, என் உயரத்துக்கு. அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் நல்ல உயரம், நிமிர்ந்த நடை. நுழைந்தார், நெற்றியில் இடித்தது, ரத்தம். பாட்டி மஞ்சள் அப்புகிறாள். அந்தப் பக்கத்துப் பெரியம்மா “சகுனம் சரியில்லை” என்று எழுந்துவிட்டாள். தாத்தா அசரவில்லை. “சம்பந்தி, அந்த வேளா போகும்போது என் மூணு வலையையும் கிழிச்சுட்டுத்தான் போச்சு. உங்களுக்கு நெத்தியோட விட்டுச்சே!” என்றார். அடிபட்டவரே சிரித்துவிட்டார். கல்யாணம் நடந்தது. அத்தை பேத்தி அதோ முன்வரிசையில் இருக்கிறாள்.

சிரித்தாயிற்று. மூன்று வலை என்றாரே, அதுதான் விஷயம். கொம்பில் இரண்டு பக்கமும் பல். வலை உரசினாலே சிக்கும். திமிறத் திமிறச் சுற்றும். வலையை அறுக்காமல் உயிரோடு விட முடியாது. 2001 முதல் வேளா வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். சட்டம் நல்ல சட்டம். அறுத்த வலைக்கு யார் பணம் தருவது?

குஜராத்தின் வேராவலில் புள்ளிபோட்ட திமிங்கலச் சுறாவை எண்ணெய்க்காகக் கொன்றவர்களே இன்று வலையை அறுத்து விடுகிறார்கள். வனத்துறை வலைக்கு ஈடு தருகிறது. வேளாவுக்கும் அப்படித் தாருங்கள் என்கிறோம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன் என்றால், வேளாவை உயிரோடு விட்டுவிட்டு வருகிறவன் கையில் அந்தப் பொன்னைக் கொடுங்கள்.

பேச்சை முடிக்கச் சொல்லிச் சீட்டு வந்துவிட்டது. அலையாத்தியைப் பேராசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோரிக்கைத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பி வைத்துவிடுங்கள். போன கூட்டத்தில் நான்கு போயிற்று.