பிரேக் வாசனை

நேயர்களுக்கு வணக்கம்.

தினமும் மின்சார ரயிலில் போய்வருகிறவர்களுக்கு இந்த வாசனை பழக்கமாகியிருக்கும். வண்டி நிலையத்தில் வந்து நிற்கும், கதவு திறக்கும், கருகல் நெடி ஒன்று குப்பென்று உள்ளே வரும். புதிதாக வருபவர் திகைத்துப்போய்ப் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். பழகியவர் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தவே மாட்டார். என்னைப் போன்ற ரயில் பைத்தியங்கள் மட்டும் மூக்கை நீட்டி, இது பிரேக் கட்டையா, பிரேக் பேடா என்று யோசித்துக்கொண்டிருப்போம். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 400 டன் எடையுள்ள வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஓட்டத்துக்குள் ஏறக்குறைய 27 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. வண்டி நிற்க வேண்டுமானால், அவ்வளவையும் அரை நிமிடத்தில் எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். அடுத்த நிலையத்தில் மறுபடியும் இதே கதை. இறக்கி வைக்கிற இடம் பிரேக் என்றால், அத்தனையும் வெப்பமாகிவிடும்.

பழைய வண்டிகளில் வார்ப்பிரும்புக் கட்டை சக்கரத்தின் மேல்பரப்பையே நேராகக் கவ்விப் பிடிக்கும். அதில் ஒரு விசித்திரம் உண்டு. வேகம் குறையக் குறைய அதன் பிடி இறுகும். 1878-இல் டக்ளஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், காற்று பிரேக்கைக் கண்டுபிடித்த வெஸ்டிங்ஹவுஸின் துணையோடு, ஓடும் ரயிலிலேயே இதை அளந்து காட்டினார். அதனால்தான் கைதேர்ந்த ஓட்டுநர் வண்டி நிற்பதற்குச் சற்று முன் பிரேக்கைத் தளர்த்திவிடுவார். தளர்த்தாவிட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய வேண்டியதுதான்.

அப்புறம் வந்தது கூட்டுப்பொருள். நார், உலோகத் தூள், கிராஃபைட் இவற்றையெல்லாம் பிசினில் குழைத்து இறுக்கிய கட்டைகள், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இறுக்கும் பேடுகள். ஒரு காலத்தில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) சேர்ந்திருந்தது. அதன் கெடுதல் தெரிந்த பிறகு பல நாடுகளில் விலக்கிவிட்டார்கள். நாம் முகர்கிற அந்தக் கருகல் பெரும்பாலும் இந்தப் பிசின் சூடாகித் தீய்வதுதான். புதுப் பேடு மாட்டிய முதல் சில நாட்களில் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடுவதால் தெரியாது. நின்றதும் அடியிலிருந்து சூடு மேலே எழும், நாமும் சரியாக அப்போதுதான் கதவைத் திறக்கிறோம்.

நடுவில் ஒரு விஷயம். இரும்புக் கம்பியைப் பிடித்துவிட்டுக் கையை முகர்ந்தால் ஒரு வாடை வருமே, அது இரும்பின் வாடையே இல்லையாம். நம் தோலில் உள்ள எண்ணெய்ப்பசை இரும்போடு சேர்ந்து மாறும்போது எழுகிற வாடை என்று 2006-இல் ஒரு ஆய்வு சொன்னது. நம் வாசனையைத்தான் இவ்வளவு நாள் ரயிலின் தலையில் கட்டியிருக்கிறோம்.

இப்போதைய வண்டிகளில் நெடி குறைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தை மின்சாரமாக்கி மேலே உள்ள கம்பிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பேடுக்கு மிச்சம் இருப்பது கடைசிச் சில கிலோமீட்டர் வேகம்தான். அவசர பிரேக் போட்டால் மட்டும் பழைய நெடி மொத்தமாகத் திரும்பி வரும்.

சரி, தூசிக்கு வருவோம். நிலையத்தை ஒட்டிய ஜல்லியைப் பாருங்கள், வண்டிகள் வேகத்தைக் குறைக்கிற பக்கம் செம்பழுப்பாக இருக்கும். தேய்ந்து விழுந்த இரும்புத் துகள் துருவேறிய நிறம் அது. நான் ஒருமுறை காந்தத்தைத் தாளில் சுற்றி, பழைய பெட்டி ஒன்றின் கதவுச் சட்டத்தில் இழுத்துப் பார்த்தேன். கரும்பொடி கம்பளிப்பூச்சி மயிர்போல் சிலிர்த்துக்கொண்டு ஒட்டியது. தாளைப் பிரித்து உதறினால் விரல் ரேகைக்குள் எல்லாம் கறுப்பு. வெள்ளைச் சட்டையில் பட்டு, ஈரமும் சேர்ந்தால் மறுநாள் துருப்புள்ளிதான். எல்லாப் பழியையும் பிரேக் மேல் போடவும் முடியாது. சக்கரமும் தண்டவாளமும்கூட ஒன்றை ஒன்று தேய்த்துக்கொண்டேதான் இருக்கின்றன.

திறந்தவெளியில் மழையும் காற்றும் கழுவிவிடும். சுரங்கப்பாதையில் அந்த வசதி இல்லை. வண்டி பிஸ்டன்போல் காற்றைத் தள்ளிக்கொண்டு வருவதால், விளக்கு தெரிவதற்கு முன்பே தூசி வாடையோடு காற்று முகத்தில் அடிக்கும். அங்கே மிதக்கிற நுண்துகளில் பெரும்பகுதி இரும்புதான். பத்து நிமிடம் பயணம் செய்கிறவர் மிரள வேண்டாம். நாளெல்லாம் அங்கேயே வேலை பார்க்கிறவர்களுக்காகக் காற்றோட்டமும் கழுவலும் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

வாசனையையே எச்சரிக்கை மணியாக வைத்தவர்களும் உண்டு. 1938 ஜூலை 3 அன்று மல்லார்ட் என்ற பிரிட்டிஷ் நீராவி எஞ்சின் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகம் தொட்டதே, அதன் நடு பேரிங்குக்குள் சோம்பு மணம் வீசும் திரவக் குப்பி ஒன்று வைத்திருந்தார்கள். பேரிங் அளவுக்கு மேல் சூடானால் குப்பி உடைந்து ஓட்டுநர் மூக்குக்குச் செய்தி போகும். அன்றைக்கு அந்த பேரிங் உண்மையிலேயே சூடேறிக் கெட்டது.

நம் வண்டிகளில் குப்பி இல்லை, பிசின்தான். நிலையத்தில் நிற்கும்போது வந்தால் அது வேலை செய்த வாசனை. இரண்டு நிலையங்களுக்கு நடுவே, வண்டி வேகம் எடுத்து ஓடும்போது, ஒரே பெட்டியில் நெடி ஏறிக்கொண்டே போனால் விஷயம் வேறு. எங்கோ ஒரு பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு மாலை அப்படித்தான் ஆயிற்று. அடுத்த நிலையத்தில் இறங்கி ஓடிப்போய் கார்டிடம் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கூடவே நடந்து வந்தார். மூன்றாவது பெட்டியின் அடியில் ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் நீலமாகப் புகை இழைந்துகொண்டிருந்தது. குனிந்து ஒரு பிடியைத் திருப்பினார். ‘உஸ்ஸ்’ என்று காற்று வெளியேறியது, கட்டை சக்கரத்தை விட்டது. அவர் எதுவும் சொல்லவில்லை, தன் மூக்கை ஒருமுறை தொட்டுக் காட்டிவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

வணக்கம்.